ஐந்து அரையணா நீலங்கள்

1998 ஜூன் 21: 85 ரிங்கிட்.
2022 ஏப்ரல் 4: 940 ரிங்கிட்.
2023 பிப்ரவரி 13: 965 ரிங்கிட்.
2024 மே 6: 1,020 ரிங்கிட்.
2025 ஜூன் 16: 3,350 ரிங்கிட்.

முதல் வரி ஓர் அஞ்சல் தலைக்குக் கொடுத்த விலை. மற்ற நான்கும், அந்தத் தலை எது என்று கேட்பதற்குக் கொடுத்த கட்டணம்.

கார்த்திகேசு புதிதாகச் செய்த சாப்பை முதலில் தாளில் அடிப்பதில்லை. இடது புறங்கையில் அடித்துப் பார்க்கிறார். சாப்பு என்று இங்கே எல்லோரும் சொல்வது ரப்பர் முத்திரையை. அவர் வாயில் அது கித்தா சாப்பு. ஏதாவதொரு நிறுவனத்தின் பெயர், 'பணம் செலுத்தப்பட்டது', 'மூலப்படியுடன் ஒப்பிடப்பட்டது', ஒரு கோயில் குழுவின் செயலாளர் பதவி, எல்லாம் மாலைக்குள் அந்தக் கையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடும். கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் கம்பியைப் பிடித்திருக்கும் அந்தக் கையைப் பக்கத்தில் நிற்பவர்கள் தலையைச் சாய்த்துப் படிக்கிறார்கள். ஒரு முறை ஒரு மலாய்ப் பெண்மணி, "பாச்சிக், டா பாயார் கெ?" என்று கேட்டாராம். பெரியவரே, கட்டியாச்சா என்று. "கட்டிக்கிட்டேதான் இருக்கேன்னு சொன்னேன்" என்கிறார் இவர்.

ஏன் தாளில் அடிப்பதில்லை என்று நான் கேட்டேன்.

"தாள்ல அடிச்சா அந்தத் தாளுக்குக் கால் முளைச்சிடும், கிராணியாரே. கைய எவன் கிழிச்சிட்டுப் போவான்?"

கிராணி என்று இந்நாட்டுத் தமிழர்கள் குமாஸ்தாவைச் சொல்வார்கள். நான் ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர் விடுவதாக இல்லை.

பிரிக்பீல்ட்சில், ஒரு கடைவீட்டு மாடிப்படியின் அடியில் இருக்கிறது அவர் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே அஞ்சடியில், அதாவது கடை வரிசையின் முன்னால் ஓடும் நடைபாதையில், நிற்க வேண்டும். வியாபாரத்துக்குக் குறைவில்லை. எல்லாம் கைத்தொலைபேசிக்குள் போய்விட்ட இந்தக் காலத்திலும் இந்நாட்டில் சாப்பு இல்லாத தாளை எந்த அலுவலக முகப்பிலும் கையில் வாங்கமாட்டார்கள். ரப்பரைச் சுட்டு எழுத்து வெட்டும் லேசர் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார். அது வேலை செய்யும்போது டயர் கருகுவதுபோல் ஒரு வாடை வரும். "கோப்பி வாசம் மாதிரி பழகிடுச்சு" என்பார். மனைவி புனிதவதி மட்டும் அவர் சட்டைகளைத் தனியாகத்தான் துவைக்கிறார்.

எழுபத்திரண்டு வயதில் அவர் முகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பாவனை சந்தேகம். யார் வந்து எந்தச் சாப்பைக் கேட்டாலும் நிறுவனக் கடிதத்தாள், அடையாள அட்டை இரண்டையும் கேட்பார். நான் இருந்தபோதே ஒரு வாலிபர் வந்து, மோட்டார் சைக்கிள் தொப்பியைக் கழற்றாமலேயே பேசினார்.

"அங்கிள், கிளினிக் சாப்பு ஒண்ணு. அர்ஜென்ட் லா."

"எந்த டோக்டரு?"

"என் மாமா."

"மாமாவ வரச் சொல்லு."

"மாமா பிசி, அங்கிள்."

"நீயும் பிசியா இரு தம்பி. வேலைக்குப் போ. எம்சி வேணும்னா மொதல்ல காய்ச்சல வர வச்சுக்க."

எம்சி என்பது மருத்துவ விடுப்புச் சான்றிதழ். வாலிபர் ஏதோ முனகிக்கொண்டு போனார். அந்த ஒரு சாப்பால் எத்தனை பேர் எத்தனை நாள் பொய்க் காய்ச்சலில் படுத்திருப்பார்கள் என்று கார்த்திகேசு வெகுநேரம் பேசினார். பழைய சாப்பைக் கொடுத்துப் புதிது வாங்குகிறவர்களிடமும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பழையதன் முகத்தில் பிளேடால் குறுக்காக இரண்டு கீறல் போட்டு, அவர்கள் கண்ணெதிரிலேயே குப்பையில் போடுவார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் பொய் முத்திரை விழுந்த அஞ்சல் தலைகள் நான்கு இருக்கின்றன. அவரே செய்தவை. எந்த நான்கு என்பது அவருக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. நான்கு வருடமாக இதைக் கேட்டு, எழுதி வைத்து, திரும்பப் படித்து, குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திகேசு விக்டோரியா ராணி காலத்துத் தலைகளைச் சேர்க்கிறார். எங்கள் அஞ்சல் தலைச் சங்கத்தில் சேர்க்கிற மற்றவர்களைப் போலல்ல. மற்றவர்கள் ராணியின் முகம் பளிச்சென்று தெரியும் தலையைத் தேடுவார்கள். இவர் முகமே தெரியாமல் மை அப்பிய தலையைத் தேடுவார். ஒரு முறை பயன்பட்ட தலை மறுபடி பயன்படாதிருக்க அஞ்சலகம் அதன்மேல் குத்தும் ரத்து முத்திரைதான் அவருக்கு வேண்டும். "மூஞ்சி பாக்கணும்னா ராணி படம் ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாமே. எனக்கு அவ மேல விழுந்த அடிதான் வேணும்." சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொரு மாதமும் வரும்போது மற்றவர்கள் கழித்துப் போட்டதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குவார். ஆரம்பத்தில் சிரித்தோம்.

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் அக்காலத்தில் இந்திய அஞ்சலின் கீழ் இருந்தன. இந்தியத் தலைகளையே ஒட்டினார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு ரத்து எண். சிங்கப்பூருக்கு 172, பினாங்குக்கு 147, மலாக்காவுக்கு 109. எண்கோண வடிவில் கோடுகள். நடுவில் ஆங்கிலத்தில் பி என்ற எழுத்து. அதன் கீழே எண். மலாக்கா சிறிய ஊர், கடிதமும் குறைவு. அதனால் 109 கிடைப்பது அரிது.

கார்த்திகேசுவுக்கு ஒன்று கிடைத்தது. மலாக்காவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது, அரையணா நீலத் தலை ஒன்றை 85 ரிங்கிட்டுக்கு வாங்கினார். அரையணா நீலம் உலகில் எங்கும் கிடைக்கும் சாதாரணத் தலை. அதன்மேல் 109 விழுந்திருந்ததுதான் விசேஷம். அந்த வாரம் கூட்டத்தில் அதை உருப்பெருக்கியின் கீழ் வைத்து எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னார். சங்கத்தின் செய்தி மடலில் படமும் போட்டோம். ஒளிநகல் எடுத்த படம், கருகிய ஆப்பம் போல வந்தது. அதைப் பற்றி அப்போது நாங்கள் கவலைப்படவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்றும் பிடிபடாத காரியம். அந்த முத்திரையைத் தானே வெட்டிப் பார்க்கத் தொடங்கினார். லேசரில் அல்ல. பித்தளைத் துண்டில், கையால், உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு.

"எந்தப் பக்கம் உளிய சாச்சான், எந்தப் பக்கம் அலுப்புல விட்டான், இதெல்லாம் பாத்தா தெரியாது. வெட்டுனாத்தான் தெரியும்."

விளக்குக் கரியில் ஆளிவிதை எண்ணெய் கலந்து மை தயாரித்தார். முத்திரை விழாத பழைய அரையணா நீலம் ஒன்றை வாங்கி, அதன்மேல் ஒரே ஒரு முறை அடித்தார். அடித்த கையோடு பித்தளையின் முகத்தை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டார். பொய்ச் சாப்பு வீட்டில் இருக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் விதி. அதனால் அடுத்த முறை முதலிலிருந்து புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. இப்படிச் சில வருட இடைவெளியில் நான்கு முறை. கடைசியாகச் செய்ததை அசலின் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஏமாற்றும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. ஐந்தையும் ஒரே பக்கத்தில் ஒட்டி, நான்கின் பின்னால் 'என் கைவேலை' என்று எழுதி வைத்திருந்தார். எழுதியது தலையின்மேல் அல்ல. தலையை ஏட்டில் பொருத்த அதன் பின்புறம் ஒட்டுகிற மெல்லிய ஒட்டுத்தாளின்மேல். அஞ்சல் தலையின் உடம்பில் பென்சில் படுவது சேகரிப்பவர்களுக்குப் பெரும் பாவம். எங்களில் யாரும் அதைச் செய்யமாட்டோம்.

2021 டிசம்பர் வெள்ளம் கிள்ளானில் அவர் வீட்டுக்குள்ளும் வந்தது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பியபோது கீழ்த்தள அலமாரியில் ஏடு சேற்றுத் தண்ணீரில் ஊறிக்கிடந்தது. தலைகள் பக்கத்தைவிட்டுக் கழன்று மிதந்தன. ஒட்டுத்தாள்கள் கரைந்து போயிருந்தன. புனிதவதிதான் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்து, மாடியில் செய்தித்தாளை விரித்துக் காயவைத்திருக்கிறார். ஐந்து அரையணா நீலமும் சேதமில்லாமல் காய்ந்தன.

"எது எங்க இருந்துச்சு?" என்று கார்த்திகேசு கேட்டிருக்கிறார்.

"ஆமா, ஒவ்வொண்ணும் பேரு சொல்லிக்கிட்டு வந்துச்சு" என்றாராம் புனிதவதி. "வீட்டுல மெத்தை போச்சு, பீரோ போச்சு, ஐஸ்பெட்டி போச்சு. நான் உங்க ராணிய அப்பளம் மாதிரி காய வச்சுக் குடுத்திருக்கேன். வரிசை வேற பாக்கணுமா?"

பித்தளைகளை அழிக்காமல் வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். தலையின் பின்னாலேயே எழுதியிருந்தாலும் தப்பியிருக்கும். இரண்டையும் அவர் ஒழுங்கு காரணமாகத்தான் செய்யவில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரே ஒரு நாள் சொன்னார்.

"ஒழுங்கா இல்லாம இருந்திருந்தா ஒழுங்கா இருந்திருக்கும்."

ஐந்தையும் அப்படியே வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவருடைய மகன் ஜெயந்திரன் மெல்பர்னில் இருக்கிறார். நல்ல பிள்ளை. வெள்ளத்துக்குப் பிறகு தொலைபேசியில், "அப்பா, கவலைப்படாதீங்க. பின்னால நான் எல்லாத்தையும் ஒரே லொட்டா, மொத்தமா வித்துடறேன்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. தான் போன பிறகு, தன் கையால் அடித்த நான்கு பொய்களும் மலாக்கா 109 என்ற பெயரில் உலகம் சுற்றும். எவனோ காசு கொடுத்து வாங்குவான். எவனோ அதை வைத்துக் கட்டுரை எழுதுவான்.

"என் காலத்துக்குள்ள நாலையும் கொளுத்திடணும். எந்த நாலு? அது மட்டும் சொல்லுங்க, இப்பவே கொளுத்தறேன்."

நான் என் குறிப்புகளைப் புரட்டினேன். அவர் ஐந்தையும் கூட்டத்தில் காட்டிய நாள் இருந்தது. 'ஐந்து, அரையணா நீலம், நன்று' என்று எழுதியிருந்தேன். எது எந்த மூலையில் என்று எழுதவில்லை.

இங்கிலாந்தில் ஒரு சிறு நகரில் பழைய தலைகளைச் சோதித்துக் கருத்துச் சொல்லும் நிபுணர் குழு ஒன்று உண்டு. பதிவு அஞ்சலில் தலையையும் கட்டணத்தையும் அனுப்பினால், சில மாதம் கழித்துத் தலையும் ஒரு கடிதமும் வரும். கார்த்திகேசு முதலில், இதுதான் அசல் என்று உள்ளூரத் தோன்றிய ஒன்றை அனுப்பினார். மற்றதை ஏன் அனுப்ப வேண்டும், காசுக்குக் கேடு என்றார்.

பதில் வந்தது. தலை உண்மை, ரத்து முத்திரை போலி.

அன்று அவர் கடையைப் பாதி நேரத்தில் மூடிவிட்டார். எதிர்க் கடையில் உட்கார்ந்து தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் அதன் நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று வருடமாகத் தினம் பார்த்த முகத்தை அடையாளம் தெரியவில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது என்று நினைக்கிறேன். இது என் அனுமானம். அவர் சொன்னது வேறு. "நம்ம கைவேலைய நம்மளே அசல்னு நம்பியிருக்கோம். அவ்ளோ நல்லாவா வெட்டினேன்?" இதை வருத்தமாகச் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

மறுவருடம் இரண்டாவது தலை போனது. பதில்: உண்மை.

என்னைச் சாட்சிக்குக் கிள்ளானுக்கு அழைத்தார். வீட்டின் பின்புறம், துணி காயப்போடும் கம்பியின் கீழ் ஒரு பழைய மண்சட்டி. மற்ற நான்கு தலைகளும் அதில். புனிதவதி சமையலறைச் சன்னலிலிருந்து, "நெருப்பு வச்சிட்டுக் கம்பத்துக்கே கேக்கற மாதிரி அழாதீங்க" என்றார். கம்பம் என்று இங்கே ஊரைச் சொல்வார்கள். கார்த்திகேசு தீக்குச்சியைக் கிழித்தார். அது விரல்வரை எரிந்து வந்தது. உதறினார். இன்னொன்றைக் கிழித்தார்.

"கிராணியாரே, மொத தடவ போலின்னு சொன்னாங்கல்ல?"

"ஆமாம்."

"இவங்க தப்பா சொல்லியிருந்தா? அதுதான் அசலா இருந்து, இப்ப நான் அதையும் சேர்த்துக் கொளுத்திட்டா?"

இரண்டாவது குச்சியும் எரிந்து முடிந்தது. நான்கு தலைகளையும் இடுக்கியால் எடுத்துத் திரும்ப உறையில் போட்டார். அந்தச் சட்டியில் இப்போது புனிதவதி கற்றாழை வைத்திருக்கிறார்.

மூன்றாவதை அனுப்பியது இரண்டாவது பதிலைச் சரிபார்க்கத்தான். இது என் கையால் அடித்தது, நிச்சயம் தெரியும், கை நடுங்கிய நாளில் அடித்தது, ஒரு பக்கம் மை பிசிறியிருக்கிறது, இதைப் போலி என்று சொன்னால் மற்றதை நம்பலாம் என்றார். பதில் வந்தது. உண்மை. 'மை பிசிறியிருப்பது அக்கால அஞ்சலக ஊழியரின் அவசரத்துக்குச் சான்று' என்று கூடுதலாக ஒரு வாக்கியம்.

அந்த மாதக் கூட்டத்தில் கடிதத்தை எல்லோருக்கும் கொடுத்தார். அம்பாங்கில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் ஜெயராஜ் அதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். எங்களில் காசுள்ளவர், நல்ல தலை எதையும் விடாதவர்.

"அங்கிள், அந்த அவசரக்காரன் நீங்கதானா?"

"சிரிக்காதீங்க, டோக்டரே. இருக்கறது ஒரு அசல். இவங்க கணக்குல ரெண்டு ஆயிடுச்சு."

"இன்னும் ரெண்டு வருஷம் விடுங்க. அஞ்சும் அசல் ஆயிடும் லா."

"நான் இப்ப சந்தோஷப்படணுமா, வெக்கப்படணுமா?"

"எனக்கு வித்துடுங்க. அந்தக் கவலைய நான் படறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கார்த்திகேசுவும் சிரித்தார். ஆனால் அன்று திரும்பும்போது, நாங்கள் ரயிலுக்கு நடந்துகொண்டிருந்தபோது, சாலை நடுவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பின. "அந்த மூணாவது, என் கைதான்னு நிச்சயமா எனக்குத் தெரியும்னு சொன்னேன்ல? இப்ப அதுவும் தெரியல" என்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்துவந்தேன்.

அதற்குப் பிறகு அவரிடம் சில மாற்றங்கள். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் கடிதத்தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். 'மூலப்படியுடன் ஒப்பிடப்பட்டது' என்ற சாப்பை யாராவது கேட்டால், "ஒப்பிட்டது யாரு?" என்று கேட்பார். ஒரு வழக்கறிஞர் அலுவலகப் பெண், "அது வெறும் சாப்பு, அங்கிள்" என்றார். "அதான் கேக்கறேன்" என்றார் இவர். அந்தப் பெண் வேறு கடைக்குப் போய்விட்டார்.

கடைசியாக ஐந்தையும் ஒரே உறையில் வைத்து அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இந்த ஐந்தில் நான்கு நான் செய்தவை, ஒன்று மட்டுமே உண்மை, தயவுசெய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அந்த ஒன்றைச் சொல்லுங்கள், மற்றவற்றை நான் அழித்துவிட வேண்டும், எனக்கு வயதாகிறது. ஒளிவு மறைவு இல்லாமல் எழுதினோம். இனிமேல் குழப்பத்துக்கு இடமில்லை என்று நான் நினைத்தேன். புனிதவதியிடம் கட்டணத்தைச் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. "அந்த வெள்ளிக்கு ஒரு மெத்தை வாங்கியிருக்கலாம். படுத்தாவது யோசிச்சிருப்பீங்க" என்றாராம். ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்கிறார்.

நான்கு மாதம் எதுவும் வரவில்லை. தீபாவளிக்கு ஒரு வாரத்துக்கும் குறைவாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, சங்கத்துக்குப் புதிய முகவரிச் சாப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அஞ்சடி முழுவதும் முறுக்கு டின்களும் பூமாலைகளும் பாட்டுச் சத்தமும். அஞ்சல்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பதிவு அஞ்சல் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

கார்த்திகேசு வழக்கம்போல் உறையைக் கிழிக்கவில்லை. முதலில் அதன்மேல் விழுந்திருந்த முத்திரையை உருப்பெருக்கியில் பார்த்தார். "நல்லா விழுந்திருக்கு" என்றார். பிறகு பிளேடால் மூன்று பக்கம் மெதுவாக அறுத்தார். தலைகள் ஐந்தும் கண்ணாடித்தாளில் பத்திரமாக இருந்தன. கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"நீங்க படிங்க. எனக்கு எழுத்து ஆடுது."

படித்தேன். ஐந்து முத்திரைகளும் உண்மையானவை என்று குழு ஒருமனதாகக் கருதுகிறது. 2022இல் ஒன்றைப் பற்றிச் சொன்ன கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. உரிமையாளர் தாமே நான்கைச் செய்ததாக எழுதியிருப்பதைக் குழு கவனமாகப் பரிசீலித்தது. வயது காரணமாக நினைவு பிசகியிருக்கலாம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறது.

இரண்டாம் முறையும் படித்தேன். அதேதான் இருந்தது.

கார்த்திகேசு ஜெயராஜுக்குத் தொலைபேசி போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"டோக்டரே, உங்க வாய் முகூர்த்தம். அஞ்சும் அசல்."

அந்தப் பக்கம் பல் துளைக்கும் இயந்திரத்தின் ஓசை நின்றது. "வெளையாடாதீங்க, அங்கிள்."

"லெட்டர் இருக்கு. நான் வெட்டவே இல்லையாம். எனக்குத்தான் ஞாபகம் பிசகிடுச்சாம்."

"அப்போ அஞ்சையும் எனக்கே கொடுங்க. லெட்டரோட. விலை நீங்க சொல்லுங்க. நான் ஒரு கேள்வி கேக்கமாட்டேன்."

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்த்தார். "கிராணியாரே, நான் அரத்தால தேய்ச்சத நீங்க பாத்தீங்கல்ல? நான் வெட்டினேன்தானே?"

"பார்த்தேன். நீங்கள் வெட்டினீர்கள்."

"நாலு?"

நான் பார்த்தது ஒரு முறைதான். மற்ற மூன்றும் அவர் சொல்லித் தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டார்.

நாற்காலியை இயந்திரத்தின் பக்கம் திருப்பினார். விசைப்பலகையில் ஒரே ஒரு விசையைத் தட்டி, அளவைக் குறைத்தார். மிளகு அளவுக்கு வந்தது. இன்னும் குறைத்தார். இயந்திரம் ஒரு நிமிடம் கூட ஓடவில்லை. கருகிய ரப்பரை ஊதி, ஒரு சிறு கட்டையில் ஒட்டினார்.

"பெயிட், அப்ரூவ்ட், சர்ட்டிபைட். வாழ்நாள் பூரா இதத்தான் வெட்டியிருக்கேன். இது மொத தடவ."

மையில் ஒற்றி, இடது புறங்கையில் அடித்தார். காலையிலிருந்து விழுந்த நீல எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்னக் கேள்விக்குறி.

மேசையில் சுத்தமான தாளை விரித்தார். ஐந்து தலைகளையும் இடுக்கியால் எடுத்து, ராணியின் முகம் கீழே இருக்கும்படி, வரிசை இல்லாமல் பரப்பினார். அவர் என்ன செய்யப்போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தலையின் முதுகில் பென்சில்கூடப் படக் கூடாது என்று ஒட்டுத்தாளில் எழுதிவைத்த மனிதர்.

"அதில் ஒன்று அசல், கார்த்திகேசு."

"தெரியும். அதுக்கும் சேர்த்துத்தான்."

ஒன்று. இரண்டு. மூன்றாவதற்கு மறுபடி மையில் ஒற்றினார். நான்கு. ஐந்து. பிறகு என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, மேசையில் வைத்து மடிப்பைத் தடவி நேராக்கி, குழுத் தலைவரின் கையெழுத்துக்கு அருகில், அந்தச் சாப்பை ஆறாவதாக அடித்தார்.

கடிதம் கடைக்கு வந்த தேதி: 2025 அக்டோபர் 14.